வெற்றிலைத் தட்டும் வராத சாட்சியும்

நீ கோர்ட்டுக்கு வரவில்லை. அதனால் மாரப்பன் ஆயுள் தண்டனை வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் ஜெயிலில் இருக்கிறான். இதை அழுதுகொண்டோ திட்டிக்கொண்டோ எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தீர்ப்புக்குப் பிறகு உனக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன வாரம் தபால்காரர் உன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். பெற்றவளுக்கு மகனின் பத்திரிகை தபாலில் வருகிறது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. ஆகவே இந்த மூன்றாவது கடிதத்தை நம் சங்கத்தின் மாதத் தாளில் அச்சடிக்கக் கொடுக்கிறேன். பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற எல்லாரும் படிக்கட்டும். உன்னை அவமானப்படுத்துவதற்காக இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். கொஞ்சம் அதற்காகவும்தான்.

படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாரப்பன் நம் லைன் வீட்டில் பக்கத்துக் கதவு. கம்பெனியில் ஃபிட்டர். உன் அப்பா பஞ்சுத் தூசியில் இருமி இருமிச் செத்த பிறகு, உன்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவன் அவன். நீ காலேஜுக்குக் கிளம்பிய அன்று உன் டிரங்குப் பெட்டியைக் கேரியரில் கட்டி ரயிலடிவரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். ரயில் நகர்ந்த பிறகு, "அக்கா, நம்ம லைன்ல இனி ஒரு கெமிஸ்ட்டு இருக்கறானுங்க" என்று யாரோ பரிசு கொடுத்த மாதிரி சிரித்தான். அவன் பெண்டாட்டி பாப்பாத்தி உனக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். நீ அதை ஹாஸ்டலில் யாருக்கும் கொடுக்காமல் தின்றதாகப் பிறகு சொன்னாய். உனக்கு நினைவிருக்கும்.

இதுவும் நினைவிருக்கும். துணி ரசாயனம் படித்து முடித்து, கோயமுத்தூரில் அந்தச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாய். மாரப்பன் பேச்சுவாக்கில் சொன்னான்: கம்பெனிக் குடோனில் மூடி உடைந்த பிளீச்சிங் பவுடர் டிரம்முக்குப் பக்கத்திலேயே மெஷின் துடைத்த எண்ணெய்ப் பஞ்சு வேஸ்ட்டைக் குவித்துவைக்கிறார்கள் என்று. நீ எழுந்து உட்கார்ந்தாய். "மாமா, அது தானாவே தீப்புடிக்கும், தெரியுமுங்களா?" என்று கேட்டாய். அவன் நம்பவில்லை. புறக்கடையில் ஓர் உடைந்த சட்டியில் இரண்டையும் கொஞ்சம் சேர்த்து வைத்துக் காட்டினாய். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. "ஏந்தம்பி, இத்தன வருசம் காலேஜுல சட்டி காவல் காக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று பாப்பாத்தி கேலி பண்ணினாள். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போகத் திரும்பினேன். அப்போதுதான் சட்டியிலிருந்து புகை கிளம்பியது. நீ தண்ணீரை எடுத்து ஊற்றினாய். மாரப்பன் முகத்தில் சிரிப்பு இல்லை. "அங்க வாட்ச்மேன் படுத்திருக்கறானே, கண்ணு" என்று மட்டும் சொன்னான்.

மறுநாளே அவன் முதலாளியிடம் போய்ச் சொன்னான். அவர் காதில் வாங்கவில்லை. பிறகு போனஸ் தகராறு வந்தது. கேட்டுக்கு முன்னால் எல்லார் எதிரிலும் மறுபடி சொன்னான்: "இப்புடியே வெச்சிருந்தீங்கன்னா ஒருநாளைக்குக் குடோன் எரிஞ்சுதானுங்க போகும்." கோடையில் குடோன் எரிந்தது. உள்ளே வாட்ச்மேன் செத்துப்போனான். விடிந்ததும் போலீஸ் மாரப்பனைக் கூட்டிக்கொண்டு போனது. கேட்டுக்கு முன்னால் அவன் சொன்ன வார்த்தை மிரட்டலாகிவிட்டது. அந்த வார்த்தை அவனுடையது அல்ல, உன்னுடையது. உன் படிப்பிலிருந்து புறப்பட்டு அவன் வாய்வழியாக வந்தது. நீ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னதற்காக அவன் குற்றவாளிக் கூண்டில் நின்றான்.

கேஸை எடுத்துக்கொண்ட அவிநாசி வக்கீல் வயதில் உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். முதல் நாளே எங்களை உட்காரவைத்து விளக்கினார். சட்டியில் புகை வந்ததை நான் பார்த்தேன், கோர்ட்டில் சொல்கிறேன் என்றேன். "நீங்க புகையப் பாத்ததச் சொல்லலாமுங்க அக்கா. அது ஏன் வந்துச்சுன்னு நீங்க சொன்னா எழுதிக்க மாட்டாங்க. அதுக்குப் படிச்ச ஆள் வேணும். நிபுணர் சாட்சி" என்றார். சர்க்கார் தரப்புக்கு நிபுணர் கிடைத்த விதத்தையும் அவரே சொன்னார். குடோன் சாம்பலை ஒரு சீசாவில் அடைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்கிற ரசாயனப் பரிசோதகர், சாம்பலில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று ஒரு காகிதம் எழுதி அனுப்பினார். அவர் வரவே தேவையில்லை. அந்தக் காகிதமே சாட்சி. அதைக் குறுக்கே கேள்வி கேட்க முடியுமா? காகிதத்துக்கு வியர்க்குமா? வாட்ச்மேனிடம் ஓர் அரிக்கேன் விளக்கு இருந்தது, மண்ணெண்ணெய் அதில் இருந்தது என்று சொல்வதற்கும் எங்களுக்குப் படித்த ஆள் வேண்டும். சர்க்காருக்கு நிபுணர் தபாலில் வருகிறார். கூலிக்காரன் நிபுணரைத் தேடிப் பஸ் ஏற வேண்டும்.

ஏறினோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் முன்னால் கம்பெனி கம்பெனியாகப் போய் நின்றோம். கேட்டுக்கு வெளியே பாப்பாத்தி முந்தானையை விரித்துப் பிடிப்பாள். கொடுத்தவர்களில் பாதிப் பேர் மாரப்பனைப் பார்த்ததுகூட இல்லை. டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற ஒரு கைமடி வேலைக்காரப் பெண், "இது எம்பட காப்பிக் காசுங்க. ஒரு வாரம் குடிக்காட்டி ஒண்ணும் செத்துப் போயிர மாட்டேன்" என்று போட்டுவிட்டுப் போனாள். அந்தக் காசில்தான் வக்கீலும் நானும் பாப்பாத்தியும் கோயமுத்தூர் முழுக்க அலைந்தோம். ஒரு பேராசிரியர் வீட்டில், "அய்யா ஊட்டுல இல்லீங்க" என்று வேலைக்காரப் பெண் சொல்லும்போதே உள்ளே அவர், "யாரது?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். இன்னொருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் சொல்கிறது ரசாயனப்படி நூற்றுக்கு நூறு சரி என்றார். பாப்பாத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் மில்காரர்கள் தன்னிடம் ஆலோசனைக்கு வருகிறார்கள், கோர்ட்டுக்கு வர முடியாது என்று அதே மூச்சில் முடித்துக்கொண்டார். வெளியே வந்து பாப்பாத்தி கேட்டாள்: "சரின்னு சொல்றதுக்கு இத்தன படிப்பு படிச்சவரு, அதயே அங்க வந்து சொல்றதுக்கு இன்னும் என்னங்க அக்கா படிக்கோணும்?"

நாங்கள் முதலில் உன்னிடம்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைப்பாய். உன்னிடம்தான் வந்தோம். "நான் சின்ன வேலையில இருக்கறவனுங்கம்மா. பெரிய ஆள் யாராச்சும் சொன்னாத்தான் எடுபடும். நான் ரெண்டாவதா சொல்றேன்" என்றாய். அது நியாயமாகத்தான் பட்டது.

கடைசியில் அமராவதி நகர்ப் பக்கம், அணைக்குக் கீழே, காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவர் தோட்டம் வைத்துக்கொண்டு இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வக்கீல் பேசி முடிக்கும்வரை அவர் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே கேட்டார். பிறகு, "எந்தத் தேதி?" என்று கேட்டார். அவ்வளவுதான். கட்டணம் எவ்வளவு என்று வக்கீல் கேட்டதற்கு, பஸ் சார்ஜ் கொடுத்தால் போதும் என்றார். வக்கீல் திரும்பி வரும் வழியில் எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்: அவருக்கு ஒரு தொகை கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டப்படி தப்பில்லை, ஆனால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வழக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் குடோனைப் பார்க்க வந்தார். கம்பெனிக்குள் விடவில்லை. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நம் லைனுக்கு வந்து, பாப்பாத்தி வீட்டில் சாப்பிட்டார். வக்கீல் அன்றைக்கு ஊரில் இல்லை. கிளம்பும்போது பணத்தை உறையில் போட்டு எடுத்து வந்தேன். பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க அக்கா, அவ்வளவு பெரியவருக்குக் கூலி குடுக்கறாப்புல வெறுங்கையிலயா நீட்டறது? ரசீது வேற கேக்கோணுமா? நம்ம மூஞ்சியில காறித் துப்பிட்டுப் போயிருவாரு" என்றாள். உள்ளே போய்த் தாம்பாளத்தை எடுத்து வந்தாள். அவள் கல்யாணத்தில் வந்த தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மேலே உறை. தெருவே கூடி நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய மனிதரை எப்படி வழியனுப்புவோமோ அப்படித்தான் செய்தோம். பாப்பாத்தி நீட்டினாள், அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், அவள் காலில் விழுந்தாள். எதையும் மறைக்கவில்லை. அதனால் காட்டிக்கொடுக்கவும் தனியாக ஓர் ஆள் தேவைப்படவில்லை.

கோர்ட்டில் பெரியவர் நன்றாகச் சொன்னார். பிளீச்சிங் பவுடர், எண்ணெய் வேஸ்ட், தகரக் கூரை, கோடை வெயில், ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகச் சொன்னார். அரிக்கேன் விளக்கையும் சொன்னார். ஜட்ஜ் எழுதிக்கொண்டே இருந்தார். மாரப்பன் கூண்டிலிருந்து எங்களைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். பிறகு சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"இங்கே வந்து பேச உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்?"

"நான் எதுவும் கேட்கவில்லை."

"கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. கொடுத்தார்களா?"

பெரியவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "ஒரு தட்டு கொடுத்தார்கள்" என்றார்.

"தட்டில் என்ன இருந்தது?"

"வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம்."

"சம்பந்தம் பேசவா போனீர்கள்?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் குனிந்துகொண்டார். "ஓர் உறையும் இருந்தது" என்று பெரியவர் தானாகவே சொன்னார். அதற்குப் பிறகு சர்க்கார் வக்கீல் அவசரப்படவே இல்லை. ரசீது கொடுத்தீர்களா? இல்லை. சாப்பிட்டீர்களா? ஆமாம். யார் பரிமாறினார்கள்? பெரியவர் பாப்பாத்தியைப் பார்த்தார். "கூண்டில் நிற்கிற எதிரியின் மனைவி" என்று சர்க்கார் வக்கீலே சொல்லிக்கொண்டார். காலில் விழுந்தாரா? விழுந்தார். கடைசியாக ஒரு கேள்வி: நீங்கள் எப்போதாவது ஒரு பனியன் கம்பெனியின் பிளீச்சிங் பட்டறைக்குள் போயிருக்கிறீர்களா? இல்லை, நான் காலேஜில் பாடம் நடத்தினவன். சர்க்கார் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பாப்பாத்தி என் பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மரியாதை பண்ணுனது தப்புங்களா அக்கா?" என்று அன்றைக்கு முழுக்க அதையேதான் கேட்டாள். அவள் செய்ததில் தப்பு இல்லை. மரியாதைக்கு அந்தக் கட்டடத்துக்குள் வேறு பெயர் என்பது அவளுக்குத் தெரியாது.

இனி நீ ஒருவன்தான் மிச்சம். பட்டறைகளுக்குள் போய்வருகிற வேலை உனக்கு. மாரப்பன் அந்த வார்த்தையை எங்கிருந்து கற்றான் என்று சொல்லக்கூடியவனும் நீதான். உனக்குத் தட்டு கிடையாது, உறை கிடையாது, சம்மன் மட்டும். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாய். உன் சாட்சி நாளன்று காலையில் அவிநாசியில் உனக்கு நிச்சயதார்த்தம் என்று தெரிந்ததும், தள்ளிப்போடச் சொன்னேன். "அவங்க நாள் பாத்துட்டாங்கம்மா. காலையில முடிஞ்சிரும். முடிச்சுட்டு அவங்க கார்லயே நேரா கோர்ட்டுக்கு வந்தர்றேன்" என்றாய். நான் நிச்சயத்துக்கு வரவில்லை, கோர்ட்டுக்குப் போனேன். என் இடத்தில் உன் தாய்மாமன் உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். பனியன் கம்பெனி வைத்திருக்கிற உன் மாமனார் நீட்டிய தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், துணி எல்லாம் இருந்ததாம். உறையும் இருந்திருக்கும். உன்னிடம் யாரும் ரசீது கேட்கவில்லை.

கோர்ட் டவாலி வாசலில் நின்று உன் பெயரைக் கூப்பிட்டான். உனக்கு நான் வைத்த பெயர். இரண்டாவது முறை கூப்பிட்டான். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் ரோட்டைப் பார்த்தேன். கார்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு, உள்ளே பார்த்துக் கையை விரித்தான். நம் வக்கீல் வாரண்ட் கேட்டு உன்னைப் பிடித்துவர ஏற்பாடு செய்ய எழுந்தார். கூண்டிலிருந்து மாரப்பன் அவரைக் கூப்பிட்டான். அவன் சொன்னது எனக்குக் கேட்டது. "வேண்டாமுங்க. போலீச வெச்சுத் தம்பிய இழுத்துட்டு வர வேண்டாமுங்க. கல்யாணம் ஆகப்போற பையன். ஏதோ வேலையா இருக்கும், இல்லாட்டி வந்திருப்பானுங்க." வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. எங்கள் தரப்பில் இனிச் சாட்சி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பில், பெரியவர் உபசாரத்துக்குக் கட்டுப்பட்டவர், அவர் பேச்சை ஏற்பதற்கில்லை என்று இருந்தது. உன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வராதவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

தீர்ப்பு வந்த வாரம் நீ வீட்டுக்கு வந்தாய். உன் மாமனார் தடுத்தாரா, முதலாளிமார் சங்கத்தில் யாராவது மிரட்டினார்களா, சோதனைக்கூடத்தில் வேலை போய்விடும் என்றார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் சொல்லிவிடமாட்டாயா என்றுதான் கேட்டேன். "யாரும் ஒண்ணும் சொல்லலீங்கம்மா" என்றாய். "சாப்பாடு முடிய நேரமாயிருச்சு. அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசிட்டிருந்தாங்க. அவங்களுக்கு நடுவுல எந்திரிச்சு, எங்க போறேன்னு சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

ஒரு மாதிரியாக இருந்தது. இதுதான் உன் காரணம். உன்னை யாராவது கட்டிப்போட்டிருந்தால் நான் அவர்களோடு சண்டை போட்டிருப்பேன். வேலை போயிருக்கலாம், அதை மறுக்கவில்லை. சம்பந்தம் முறிந்திருக்கலாம். ஆனால் நீ பயந்தது அதற்குக்கூட இல்லை. பந்தியில் பாதியில் எழுந்தால் நன்றாக இருக்காது என்பதற்கு. பாப்பாத்தி வெறுங்கையில் கொடுத்தால் நன்றாக இருக்காது என்றாள். மாரப்பன் உன்னை இழுத்து வந்தால் நன்றாக இருக்காது என்றான். நம்மவர்களுக்கு இந்த ஒரு நோய். ஆனால் அவர்கள் அடுத்தவருக்குக் குறை வரக்கூடாது என்று பார்த்தார்கள். நீ உனக்குப் பார்த்துக்கொண்டாய். மூன்றுக்கும் சேர்த்து அனுபவிக்கிறவன் மாரப்பன் ஒருவன்.

கல்யாணத்துக்கு முன்னால் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். வரப்போகிற பெண்ணிடம் இந்தக் கதையை நீயே சொல்லிவிடு. இந்தத் தாளைப் படித்து அவள் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே. அவள் வீட்டுப் பணம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, அவளை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது உனக்கு எழுந்திருக்க முடிகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள். உன் படிப்பை உன் சம்பாத்தியம் என்று நினைக்காதே. நீ பாஸ் பண்ணிய ஒவ்வொரு வருடமும் இந்த லைனில் யாரோ ஒருத்தி உன் ஃபீஸுக்காகக் காப்பி குடிக்காமல் இருந்திருக்கிறாள். அதை நீ திருப்பித் தர வேண்டாம். தெரிந்ததை, கேட்கிற இடத்தில் சொல், அது போதும்.

மெட்ராஸ் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறோம். கீழ்க்கோர்ட்டில் வராத சாட்சியைப் புதிதாக விசாரிக்கச் சொல்லி மனுப் போடலாமாம். அதற்கு நீ, என்ன தெரியும், ஏன் வரவில்லை என்று சத்தியப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதிப்பார்கள் என்று நிச்சயமில்லை என்று வக்கீல் மறைக்காமல் சொல்லிவிட்டார். மறுபடியும் சனிக்கிழமைகளில் கேட்டுக்கு முன்னால் நிற்கிறோம். இந்தத் தடவை ரசீதுப் புத்தகம் அச்சடித்திருக்கிறோம். காப்பிக் காசு போடுகிறவர்களையும் பாப்பாத்தி விடுவதில்லை, பின்னாலேயே ஓடி, "ரசீது வாங்கீட்டுப் போங்க சாமி" என்று கையில் திணிக்கிறாள். தாம்பாளத்தை விற்றுவிட்டாள். அவள் ஜெயிலுக்குப் போகும்போதெல்லாம் மாரப்பன் உன் கல்யாணம் எப்போது என்று கேட்கிறானாம். தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போன பிறகு தினமும் அவள் என் வாசலுக்கு வருகிறாள். "தம்பிகிட்டருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்கிறாள். இல்லை என்கிறேன். "கல்யாண வேலையா இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள்.

முகூர்த்தத்துக்கு வருவேன், பெற்றவள் இல்லாமல் நடக்க வேண்டாம். வக்கீல் எழுதித் தந்த பத்திரத்தைக் கையில் கொண்டுவருவேன். பந்தி நடந்துகொண்டிருக்கும், எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், எழுந்திருக்க உனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கோர்ட் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. இது நான் கூப்பிடுவது. எழுந்து வா, கண்ணு. வந்து சொல்.